பொருந்தல் நெல்லும் சிவகளைக் கரியும்

பழனி பக்கம் பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடி கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே கல்லறையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை. நெல்லை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று வந்தது. பின்னர் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580, சிவகளைத் தாழி நெல்லுக்கு கி.மு. 1155. இரும்பின் தொன்மை பற்றித் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையோ சிவகளைக் கரியைக் கொண்டு கி.மு. 3345 வரை போனது. எல்லாமே ஏ.எம்.எஸ். எனப்படும் முடுக்கி நிறைமாலை முறை தந்தவை.

மேடையில் இந்த எண்கள் முழங்குகின்றன. எதிர்மேடையில் 'அமெரிக்க லேப் சொன்னால் ஆயிற்றா?' என்று ஏளனம். எந்திரத்தின் வேலை எது, நம்முடைய வேலை எது என்று இரண்டு தரப்புமே பிரித்துப் பார்ப்பதில்லை. எண்ணுவதில் அது அசகாய சூரன். எதை எண்ணக் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது.

நிறைமாலை அளவியின் அடிப்படை எளிது. அணுவுக்கு மின்னூட்டம் கொடுத்து, வேகமாக ஓடவிட்டு, காந்தப்புலத்தில் திருப்புவது. வளைவில் பாரம் ஏற்றிய லாரி அகலமாகத் திரும்பும், பைக் ஒடித்துத் திரும்பும். அணுக்களும் அப்படித்தான் எடைவாரியாகப் பிரிகின்றன. 1919இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் கட்டிய கருவி முதல் இன்றைய ஊக்கமருந்துச் சோதனை வரை சாரம் இதுவே. கார்பன் தேதியில் ஒரு கூடுதல் சிக்கல். உயிருள்ள பொருளில் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. அதே எடையுள்ள நைட்ரஜன்-14 காற்றிலிருந்து கூட்டமாக நுழைந்து அதை மறைத்துவிடும்.

1977இல் கிடைத்த வழி அழகானது. மாதிரியைக் கிராஃபைட்டாக்கி, சீசியம் அயனிகளால் தாக்கி, எதிர்மின் அயனிகளாக உதிர வைக்கிறார்கள். நைட்ரஜன் அந்த வடிவில் நிலைக்காது, வாசலிலேயே கழன்றுகொள்ளும். மிச்சத் தொல்லை, கார்பன்-14இன் எடையிலேயே வரும் கார்பன்-ஹைட்ரஜன் மூலக்கூறுகள். முடுக்கியின் உயர் மின்னழுத்தத்தில் பாய்ந்து, நடுவில் மெல்லிய வாயுத் திரையில் மோதி அவை உடைந்துபோகும். கடைசியில் வந்துசேரும் கார்பன்-14 ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது.

கார்பன் தேதியிடலைக் கண்டறிந்த லிப்பியின் முந்தைய முறையில், 1 கிராம் புதுக் கார்பனில் உள்ள சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்களில் நிமிடத்துக்கு 14 சிதைவதற்காகக் காத்திருந்தார்கள். கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது. இப்போது 1 மில்லிகிராம் கார்பன், அதாவது ஒரு நெல்மணி போதும். நமக்குப் பெரிய லாபம் இதுதான். 200 ஆண்டு மரத்தின் நடுவைரத்தை எரித்த கரி, எரித்த காலத்தைவிட 200 ஆண்டு பழமை காட்டும். நெல் ஒரு போகத்துப் பயிர், அப்படி ஏமாற்றாது. பொருந்தல் தேதியை நான் மதிப்பது அதனால்தான். எழுத்தும் அதே கல்லறையில் இருந்தது என்பது இன்னும் பலம்.

ஆனால் அதிலும் ஓர் உறுத்தல். எந்திரம் தருவது காலண்டர் ஆண்டை அல்ல, கார்பன் விகிதத்தை. மரவளையங்களை வைத்து வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டுத்தான் அது ஆண்டாகிறது. அந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஷ்டாட் மேடு என்பார்கள். கார்பன் வயது 2,450, பிழை வெறும் 30 என்று அளந்தாலும், உண்மையான ஆண்டு சுமார் கி.மு. 750க்கும் 400க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். எத்தனை கோடி கொட்டி எந்திரத்தை மேம்படுத்தினாலும் இது தீராது; கோளாறு அன்றைய வளிமண்டலத்தில். நம் துரதிர்ஷ்டம், பொருந்தலின் 490, கீழடியின் 580 இரண்டும் இந்தத் தட்டை நிலத்தில்தான் நிற்கின்றன. ஒற்றை ஆண்டு தலைப்புச் செய்திக்கு வசதி. செய்தியில் பிழை எல்லையும் ஆண்டு வீச்சும் காணாமல் போவது எந்திரத்தின் குற்றமா? மண்ணடுக்கு வரிசையில் நிறைய மாதிரிகள் எடுத்துப் புள்ளியியல் முறையில் வீச்சைக் குறுக்க முடியும். டெல்லியிலும் அகமதாபாத்திலும் ஏ.எம்.எஸ். வந்துவிட்ட பிறகு, நாலைந்து மாதிரியோடு நிறுத்திக்கொள்ளக் காரணமில்லை.

பிற்காலக் கார்பன் ஒட்டிக்கொள்ளும் பயம் நமக்கு அவ்வளவு இல்லை. 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தால் 2,500 ஆண்டுப் பொருள் 30 ஆண்டுதான் இளமை காட்டும். 40,000 ஆண்டு எலும்பு என்றால் 7,000 ஆண்டு கவிழும்.

சிவகளையில் கவலை வேறு. 3345 என்பது கரியின் வயது. அதை இரும்பின் வயதாகச் சொல்ல, இரண்டும் ஒரே நேரத்தில் தாழிக்குள் போயின என்பதை அகழ்ந்தவர்களின் குறிப்பேடு நிறுவ வேண்டும். பல ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பியதும் கார்பனைச் சாராத ஒளிர்வு முறையைச் சேர்த்துக்கொண்டதும் பாராட்டத்தக்கவை. ஆனால் எத்தனை லேப் அளந்தாலும் கரியின் வயதுதான் உறுதிப்படும். கரிக்கும் இரும்புக்கும் உள்ள உறவு உறுதிப்படாது. அதற்கு நேர்வழி ஒன்று உண்டு. இரும்பை உருக்கும்போது உலைக்கரியின் கார்பன் கொஞ்சம் உலோகத்துக்குள் ஏறும். அதையே பிரித்தெடுத்து ஏ.எம்.எஸ்.ஸில் தேதியிடலாம். எஃகானால் சுலபம், துருப்பிடித்த தேனிரும்பானால் பாடு. சிவகளை இரும்பில் துரு தின்னாத உள்மையம் எங்காவது மிஞ்சியிருந்தால், அடுத்த மாதிரி அதிலிருந்து போக வேண்டும்.