மலைப்பாதைச் சுவரின் ஓட்டைகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். எனக்கு மலைப்பக்கத்துத் தடுப்புச் சுவர்தான். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அந்தக் கனத்தாலேயே சுவர் மண்ணை நிறுத்துகிறது. அதனால்தான் அடி அகலம், தலை குறுகல். ஆனால் அதன் கெட்டிக்காரத்தனம் ஓட்டைகளில் இருக்கிறது.

வரிசையாகப் பதித்த பிவிசி குழாய்த் துண்டுகள், வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். பின்னால் ஜல்லி, காபி ஃபில்டர் மாதிரி மண்ணை நிறுத்தி நீரை விடும். மழைக்கு மறுநாள் பாருங்கள்: தெளிந்த நீர் சொட்டினால் நல்லது, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. ஒன்றுமே வராவிட்டால்தான் கவலை. தேங்கிய நீரின் அழுத்தம் எந்தச் சுவரையும் தள்ளிவிடும். வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டுபவர்களே, அழகுக்காக அந்த ஓட்டைகளைப் பூசி மூடிவிடாதீர்கள்.