ஊதியமும் உரிமையும்: கோவைப் படப்பிடிப்பு நிலையங்களும் நடிகையர் தயாரிப்பாளரான வழிகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரையுலகில் நடிகையாகத் தொடங்கித் தயாரிப்பாளராக உயர்ந்த பெண்களின் வரலாறு பெரும்பாலும் 'முதல் பெண்' என்னும் பட்டியலாகவோ எழுச்சி, வீழ்ச்சி என்னும் கதையாகவோ எழுதப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அவ்விரு எழுத்துமுறைகளையும் திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. 1930களிலிருந்து 1950கள் வரை கோயம்புத்தூர்ப் படப்பிடிப்பு நிலையங்களோடு தொடர்புற்ற திரைவாழ்வை மையமாகக் கொண்டு, கே.பி. சுந்தராம்பாள், டி.ஆர். ராஜகுமாரி, பி. பானுமதி ஆகிய மூவரின் தொழில்வழிகள் ஒப்பிடப்படுகின்றன. நடிப்பால் ஈட்டிய ஊதியம் எவ்வகை உரிமையாக மாறியது என்னும் வினாவே இவ்வரலாற்றை எழுதுவதற்குரிய பொருத்தமான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா, நடிகையர், பெண் தயாரிப்பாளர், திரைவரலாற்றெழுத்து.

முன்னுரை

தமிழின் முதல் பேசும் படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' (1931) படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி, ஐந்தே ஆண்டுகளில் 'மிஸ் கமலா' (1936) என்னும் படத்தைத் தயாரித்து இயக்கினார். பெண்களின் திரைவாழ்வு குறித்த கட்டுரைகள் பலவும் இச்செய்தியிலிருந்தே தொடங்குகின்றன. செய்தி பெருமைக்குரியதே. ஆயினும், முதன்மையைச் சுட்டிய அளவில் அக்கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. ஒரு நடிகை தயாரிப்பாளராவதற்கு எத்தகைய முதல், எத்தகைய உறவுகள், எத்தகைய நகரம் தேவைப்பட்டன என்பது வினாவாகவே எழுப்பப்படுவதில்லை.

பிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' போன்ற தொகுப்புகள் ஆய்வாளர்க்குப் பெருந்துணை புரிகின்றன. எனினும் பட்டியல் என்னும் வடிவத்திற்கு ஓர் எல்லை உண்டு. தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் நிற்கும்போது, அந்நிறுவனத்திற்குள் கணவர், மனைவி, தம்பி, தமக்கை ஆகியோரின் பங்கு எவ்வளவு என்பது பட்டியலில் தெரிவதில்லை. பெண்களின் தொழில்வழி மறைந்து போகும் இடம் இதுவே.

ஆலை முதலும் படப்பிடிப்பு நிலையமும்

கோவையின் திரைவரலாறு சாமிக்கண்ணு வின்சென்டிடமிருந்து தொடங்குகிறது. ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய அவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். 1930களின் இடைப்பகுதியில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ உருவானபோது அதன் பின்னணியில் நின்றவர்கள் ஆலை அதிபர் பி. ரங்கசாமி நாயுடு, ஆர்.கே. ராமகிருஷ்ணன் செட்டியார், வின்சென்ட், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர். பின்னர் ஸ்ரீராமுலு நாயுடு தனியே பட்சிராஜா ஸ்டுடியோவை வளர்த்தெடுத்தார். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் இக்காலத்தில் எழுந்தது.

கொங்குப் பகுதியின் திரைமுதல், ஆலைத்தொழிலிலும் வணிகத்திலும் நிலைபெற்ற குடும்பங்களிலிருந்து வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. பஞ்சாலையை நடத்திய ஒழுங்கே படப்பிடிப்பு நிலையத்திலும் நிலவியது. கலைஞர்களும் தொழில்நுட்பர்களும் மாத ஊதியத்திலோ ஒப்பந்தத்திலோ அமர்த்தப்பட்டனர். இவ்வமைப்பு நடிகைக்கு நிலையான வேலையைத் தந்தது. நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைந்த வாழ்வோடு ஒப்பிட்டால் இது சிறிய பேறன்று. ஆயினும், முதலிடுவோர் குழாம் உறவாலும் வணிகத் தொடர்பாலும் கட்டப்பட்டிருந்தமையால், ஊதியத்திலிருந்து உரிமைக்குச் செல்லும் வாயில் அவளுக்கு எளிதில் திறக்கவில்லை.

ஒரு படமும் பிரிந்த வழிகளும்

இவ்வேறுபாட்டை ஒரே படத்தின் வழியாகக் காணலாம். ஜூபிடர் நிறுவனம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவாக்கிய 'ராஜகுமாரி' (1947) எம்.ஜி.ஆர். முதன்முதலில் நாயகனாக நடித்த படம். ஏ.எஸ்.ஏ. சாமி இயக்குநராக அறிமுகமானதும், மு. கருணாநிதி உரையாடல் எழுத்தில் பங்குகொண்டதும் இப்படத்தில்தான். கோவையைச் சேர்ந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரும் இதில் நடித்தார்.

இவர்களுள் சின்னப்பா தேவர் 1956இல் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தின் மூலம் தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். அதே 'ராஜகுமாரி'யின் நாயகி கே. மாலதி, 'பாதாள பைரவி' (1951) போன்ற படங்களின் நாயகியாகவே நினைக்கப்படுகிறார்.

இதனைத் திறமையின் வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. கோவை ஸ்டுடியோவில் ஆண்களுக்கிடையே வளர்ந்த நட்பு, பிற்காலத்தில் கடனாகவும் கால்ஷீட்டாகவும் விநியோகஸ்தரின் முன்பணமாகவும் மாறக்கூடிய ஒரு முதலாக இருந்தது. தேவரின் முதல் படத்திற்கு எம்.ஜி.ஆர். நாயகனானதே இதற்குச் சான்று. படப்பிடிப்பு முடிந்ததும் துணைக்கு வந்த குடும்பத்தாரோடு தங்குமிடம் திரும்ப வேண்டிய நடிகைக்கு அத்தகைய நட்பின் வெளி கிட்டுவது அரிது. எனவே, நடிகைக்கு முதலீட்டின் வாயில் குடும்பத்தின் வழியாகவே திறந்தது என்ற கருத்து வலுப்பெறுகிறது. பின்வரும் மூவரின் வாழ்வையும் இவ்வொளியில் நோக்கலாம்.

கொடுமுடியார்: ஊதியம் அரங்கமான வழி

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், நாடக மேடையில் புகழ்பெற்று, எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்த பின் மேடையிலிருந்து விலகி நின்ற அவரைத் திரைக்கு அழைத்து வந்த படம் 'பக்த நந்தனார்' (1935). ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியோடு இருந்த அவர், அதில் நந்தனார் வேடத்தையே ஏற்றார். இதற்கென அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது திரைவரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி.

இந்நிகழ்வை ஒரு கைம்பெண்ணின் வைராக்கியமாக மட்டும் வாசிப்பது வழக்கம். தொழில் நோக்கில் வாசித்தால் வேறொன்று புலப்படும். எந்த வேடத்தை ஏற்பது, எந்த நிபந்தனையில் ஏற்பது என்பதைத் தாமே முடிவுசெய்யும் ஆற்றலை அவர் தம் குரலின் சந்தை மதிப்பால் பெற்றிருந்தார். 'மணிமேகலை' (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) எனத் தெரிந்தெடுத்த படங்களில் மட்டும் தோன்றியும் அவர் மதிப்புக் குன்றவில்லை. 1958இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். தேவர் தயாரித்த 'துணைவன்' (1969) படப் பாடலுக்காகத் தேசிய விருதும் பெற்றார்.

தயாரிப்பாளர் பட்டியலில் தேடினால் சுந்தராம்பாளின் பெயர் சிறப்பிடம் பெறாது. ஆனால் அவர் தம் சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கை எழுப்பினார். தயாரிப்பு என்பது ஒவ்வொரு படத்திலும் முழு முதலையும் பணயமாக வைக்கும் தொழில். அரங்கோ, எவர் படம் வென்றாலும் தோற்றாலும் நாள்தோறும் நுழைவுச்சீட்டு விற்கும் உடைமை. நிலத்தோடு சேர்ந்து நிற்பது. கணவரோ உடன்பிறந்தாரோ முன்னின்று நடத்தும் நிறுவனம் இல்லாத ஒரு பெண், திரைப்பணத்தை ஊரில் நிலைநிறுத்திய வழி அது. கொங்கு வேளாண் சமூகத்தில் நிலமும் கட்டடமும் பெறும் மதிப்பை அறிந்தவர்க்கு இத்தேர்வின் பொருள் எளிதில் விளங்கும்.

டி.ஆர். ராஜகுமாரி: கோவையில் புகழ், சென்னையில் உடைமை

தஞ்சையில் பிறந்த டி.ஆர். ராஜகுமாரியின் புகழை உச்சிக்குக் கொண்டு சென்ற படங்களுள் இரண்டு கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானவை. அவை எம்.கே. தியாகராஜ பாகவதரோடு அவர் நடித்த 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944). 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் 110 வாரங்கள் ஓடியது. அவ்வெற்றியின் ஆதாயம் தயாரித்தவர்க்கும் விநியோகித்தவர்க்கும் சேர்ந்தது. நடிகைக்குக் கிட்டியது அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதலாகப் பேசத்தக்க பெயர்.

அப்பெயரை உடைமையாக்கும் முயற்சி சென்னையில் நிகழ்ந்தது. தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸைத் தொடங்கினார். 'வாழப்பிறந்தவள்' (1953), 'கூண்டுக்கிளி' (1954), 'குலேபகாவலி' (1955) என அந்நிறுவனம் வளர்ந்தது. 'கூண்டுக்கிளி' எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இணைந்து நடித்த ஒரே படமாதலால், ராமண்ணாவின் பெயரோடு அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. தமக்கையின் ஊதியமும் பெயரும் அந்நிறுவனத்தின் அடித்தளமாக இருந்தமை அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. தியாகராய நகரில் தம் பெயரிலேயே எழுப்பிய 'ராஜகுமாரி' திரையரங்கு மட்டும் அவ்வுரிமையை வெளிப்படையாக அறிவித்து நின்றது.

கொடுமுடியிலும் தியாகராய நகரிலும் இரு நடிகையர் அரங்கு கட்டியமை தற்செயலாகத் தோன்றலாம். ஆயின் நிறுவனத்தின் பெயருக்குள் பெண் மறைந்து போக நேரும் தொழிலில், அரங்கு அவளுக்குக் கண்ணால் காணத்தக்க உடைமையாயிற்று என்பதை இவ்விணை உணர்த்துகிறது.

பானுமதி: கதையைப் பெருக்கும் உரிமை

மூன்றாவது வழி பி. பானுமதியினுடையது. பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' (1954), மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), தேவரின் 'தாய்க்குப்பின் தாரம்' (1956) ஆகிய மூன்றிலும் நாயகி அவரே. கொங்கு முதலாளர்கள் மூவரிடம் ஊதியம் பெற்ற இந்நடிகை, அக்காலத்தே கணவர் பி.எஸ். ராமகிருஷ்ணா ராவோடு சென்னையில் பரணி பிக்சர்ஸ் நிறுவனத்தின் உரிமையாளராகவும் இருந்தார்.

'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவியது. ஸ்ரீராமுலு நாயுடு அக்கதையைத் தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம், சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் கொண்டு சென்றார். இந்தியில் 'ஆசாத்' (1955) என வந்தபோது நாயகி மீனாகுமாரி. ஒரு கதை ஆறு மொழிகளில் ஈட்டும் வருவாய்க்கு உரியவர் தயாரிப்பாளர். நடிகையோ தாம் நடித்த மொழிக்குரிய ஊதியத்தோடு விலகுகிறார்.

பானுமதி இக்கணக்கை அறிந்திருந்தார் என்பதற்கு 'சண்டிராணி' (1953) சான்று. 'மலைக்கள்ளன்' வெளிவருவதற்கு முன்பே தம் நிறுவனப் படமான அதனைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளில் தாமே இயக்கி நடித்தார். ஒரே உழைப்பை மும்மொழிகளில் பெருக்கும் உரிமை இங்கு நடிகையின் கையிலேயே இருந்தது. சாலிகிராமத்தில் எழுந்த பரணி ஸ்டுடியோ, பிறருக்கும் தளம் வாடகைக்கு விடும் நிலைக்கு அக்குடும்பத்தை உயர்த்தியது. பானுமதியின் ஆளுமையைக் கூறும் கட்டுரைகள் அவருடைய 'திமிரை'யும் துணிவையும் விரித்துரைக்கின்றன. ஒப்பந்தத்தை மறுத்துவிட்டுத் திரும்புவதற்குச் சொந்தத் தளம் உள்ளவரின் குரல் அது என்பதை அவை கருதுவதில்லை. குணமாகப் பேசப்படுவதன் அடியில் உடைமை இருக்கிறது.

வீழ்ச்சிக் கதையின் சிக்கல்

நடிகை தயாரிப்பாளராகித் தோற்றால் எழுதப்படும் முறை தனித்துக் கருதத்தக்கது. சாவித்திரி இயக்கித் தயாரித்த 'பிராப்தம்' (1971) பெரும் இழப்பைத் தந்தது. அவ்விழப்பு அவருடைய மண வாழ்வு, மது, ஏமாளித்தனம் ஆகியவற்றோடு இணைத்தே பேசப்படுகிறது. தெலுங்கில் வெற்றிபெற்ற 'மூக மனசுலு' (1964) படத்தின் கதையை ஏழாண்டுகள் கழித்துத் தமிழில் எடுத்ததன் வணிகத் தருக்கம் சரியா என்னும் வினா எழுவதில்லை.

இதனோடு பாகவதரின் வீழ்ச்சியை ஒப்பிடலாம். சிறையிலிருந்து மீண்டபின் அவர் தம் நரேந்திரா பிக்சர்ஸ் சார்பில் எடுத்த 'ராஜமுக்தி' (1948) தோற்றது. அவர் கதையும் துயரக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆயின் லட்சுமிகாந்தன் கொலைவழக்கு, மாறிய இசைச் சுவை, வசனப் படங்களின் எழுச்சி எனப் புறக்காரணங்கள் அங்கு வரிசைப்படுத்தப்படுகின்றன. ஆணின் தோல்விக்குக் காலமும் பெண்ணின் தோல்விக்குக் குணமும் காரணமாகின்றன. இவ்விரட்டை அளவுகோல் நீங்காதவரை, பெண் தயாரிப்பாளர் வரலாறு அறவுரையாகவே எஞ்சும்.

முடிவுரை

கோவைப் படப்பிடிப்பு நிலையங்கள் நடிகையர்க்குப் புகழையும் ஊதியத்தையும் வழங்கின. உரிமைக்கான வழியை அவர்கள் குடும்பம், சென்னையின் சந்தை, சொந்த ஊரின் நிலம் ஆகியவற்றின் துணையால் வேறிடத்தில் கண்டனர். சுந்தராம்பாளுக்கு அரங்கும், ராஜகுமாரிக்கு உடன்பிறந்தாரோடு இணைந்த நிறுவனமும் அரங்கும், பானுமதிக்கு நிறுவனமும் படத்தளமும் பன்மொழி உரிமையும் அவ்வழியில் கிட்டின.

கொங்குப் படத்தளங்களின் காலம் முடிந்தபின் பொள்ளாச்சியும் கோபிசெட்டிபாளையமும் வெளிப்புறப் படப்பிடிப்புக் களங்களாயின. தயாரிப்போ சென்னையிலேயே நிலைத்தது. சூலூர் வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட சிவகுமார் குடும்பத்தின் 2டி என்டர்டெயின்மென்ட் தயாரித்த 'ஜெய் பீம்' (2021) படத்தில் ஜோதிகாவின் பெயரும் தயாரிப்பாளராக இடம்பெறுகிறது. குடும்ப நிறுவனத்துக்குள் நடிகையின் பெயர் வெளிப்படையாக அச்சேறியிருப்பது 1950களிலிருந்து விலகிய ஒரு நகர்வு. ஆயினும் வாயில் இன்றும் குடும்பமே.

எனவே, இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் 'முதலில் தயாரித்தவர் யார்' என்னும் வினாவோடு நில்லாமல், படம் அரங்கை விட்டு அகன்ற பின்னும் நடிகையின் பெயரில் எஞ்சியது எது என வினவ வேண்டும். அதற்குரிய சான்றுகள் பாட்டுப்புத்தகங்களையும் பேட்டிகளையும் கடந்து, சொத்துப் பத்திரம், அரங்க உரிமம், விநியோக ஒப்பந்தம் ஆகியவற்றில் உள்ளன. கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் பழைய அரங்குகள் திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறிவரும் இக்காலத்தில், அவ்வாவணங்களைத் தேடித் தொகுத்தல் காலம் தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.