நிரலுக்கும் தூர் வார வேண்டும்

ரேடியோ தொலைநோக்கித் தரவை அலசும் ‘காஸா’ மென்பொருளைத் திறந்தால் சில நாள் ஓர் எச்சரிக்கை வரும்: லீப் நொடி அட்டவணை பழசாகிவிட்டது போலிருக்கிறது, நேரக் கணக்கு ஒரு நொடியோ அதற்கு மேலோ பிசகலாம் என்று. பலர் படிக்காமலே தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த வரியின் மேல் தனி மரியாதை உண்டு.

பூமி ஒரு நொடியில் 15 விகலை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 3600 விகலை. புனேக்கு வடக்கே, கோடாட் என்னும் ஊரை மையமாகக் கொண்டு 45 மீட்டர் ஆன்டெனாக்கள் முப்பதோடு இயங்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, 150 மெகாஹெர்ட்ஸில் 25 விகலை வரையும் 1400-இல் ஏறக்குறைய 2 விகலை வரையும் பிரித்துக் காட்டும். அங்கே ஒரு நொடி எத்தனை பெரிய பிசகு! பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் சேர்க்கும் லீப் நொடியைக் கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31-இல். பிறகு ஒன்றும் சேரவில்லை. ஆனாலும் அட்டவணையை விடாமல் புதுப்பிக்கிறார்கள். ‘மாற்றம் இல்லை’ என்பதையும் யாராவது பார்த்து எழுதினால்தானே காஸாவுக்கு அடியில் இருக்கும் ‘காஸாகோர்’ லைப்ரரிக்குத் தெரியும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால்களைத் தூர் வாருவதும் இந்த வகை வேலைதான். ஒழுங்காக நடந்த வருஷம் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்துவிடும். நல்ல பராமரிப்பாளரும் கடைமடைக்காரரை, பத்து வருஷத்துக்கு முந்தைய தரவைத் திறக்கப்போகும் ஏதோ ஒரு கல்லூரி மாணவரை, மனத்தில் வைத்துத்தான் நிரலில் கை வைக்கிறார்.

அந்தக் கைநேர்த்திக்கு ஓர் உதாரணம். காஸாவின் தரவுக் கோப்பில் நேரம் 1858 நவம்பர் 17-இலிருந்து நொடிகளாக எண்ணப்படுகிறது. இன்று அது 500 கோடியைத் தாண்டிய எண். 64 பிட்டில் வைத்தால் கவலையில்லை. 32 பிட்டுக்குச் சுருங்கினால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 512 நொடி இடைவெளி விழும், எட்டரை நிமிஷம். பைத்தானில் எண்களைக் கையாளும் லைப்ரரியான நம்பையின் 2024-இல் வந்த 2.0 பதிப்பு, எண்வகைகளைக் கலக்கும் விதியை மாற்றியது: தனியான 32 பிட் தசம எண்ணோடு சாதாரண பைத்தான் தசம எண்ணைக் கூட்டினால் முன்பு 64 பிட்டில் விடை வரும், இப்போது 32 பிட்டிலேயே நின்றுவிடும். நிரல் நிற்காது, கத்தாது; விடை மட்டும் தப்பாக வரும். தேர்ந்தவர் செய்வது, 64 பிட் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரே ஒரு திருத்தம், கூடவே பழைய தரவை ஓட்டிப் பார்க்கும் ஒரு டெஸ்ட். சுற்றியுள்ள நிரலைத் தன் ருசிக்கு மாற்றி எழுத மாட்டார். அந்த அடக்கத்தைத்தான் நான் ரசிக்கிறேன்.

இத்தகைய பராமரிப்பின் பலன் எவ்வளவு பெரிது என்பதற்கு ஜிஎம்ஆர்டியின் டிஜிஎஸ்எஸ் சர்வே சாட்சி. 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தில் 90 சதவீதம் பதிவானது. அந்த அலைவரிசையில் அயனி மண்டலம் படத்தைக் குலைக்கும். இன்டெமா என்ற வானியலாளரின் ‘ஸ்பாம்’ நிரல் அந்தக் குலைவைத் திசைவாரியாகக் கணக்கிட்டுத் திருத்துகிறது. காப்பகத்தில் கிடந்த அதே தரவிலிருந்து அவரும் கூட்டாளிகளும் 2017-இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களின் பட்டியலை எடுத்தார்கள். புதிதாக ஓர் ஆன்டெனாகூட நடவில்லை. ஜிஎம்ஆர்டியின் சொந்தக் கோப்பு வடிவத்தை, வானியலின் பொதுவான கோப்பு வடிவமான ஃபிட்ஸுக்கு மாற்றும் சின்ன நிரல்கள் உயிரோடு இருந்ததால் இது முடிந்தது. ஃபிட்ஸும் அப்படித்தான்: 1981-இல் அறிமுகமான வடிவம், அன்று எழுதிய கோப்பு இன்றும் திறக்கும்.

ஸ்பாமின் அடியில் இருப்பதோ 1978-இல் தொடங்கிய ஏஐபிஎஸ் என்னும் ஃபோர்ட்ரான் தொகுப்பும், 2020-இல் ஆதரவு நின்றுபோன பைத்தான் 2-உம். அதைப் பைத்தான் 3-க்குக் கொண்டுவருபவர், முதலில் 2017-இன் அதே படத்தை அதே தரவிலிருந்து எடுத்துக் காட்டட்டும். புது வசதிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.