பறிமுதலின் இலக்கணம்

பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் வாசகங்களை யாரும் வாசிப்பதில்லை. வாசிக்கப்படுவதற்காக அவை எழுதப்படுவதும் இல்லை. 'செல்போன் கொண்டு வரக்கூடாது' என்பது அவற்றுள் ஒன்று. தமிழ் படித்தவன் என்கிற முறையில் இதை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். 'கூடாது' என்னும் சொல் திணை, பால், எண், இடம், காலம் எதையும் காட்டுவதில்லை. யார் சொல்கிறார், யாருக்கு, எதுவரை என்கிற கேள்விகள் அதற்குள் நுழையவே முடியாது. அதிகாரம் தன்னை ஆளில்லாத குரலாக மாற்றிக்கொள்ளும் இடம் இதுதான்.

இந்தக் குரலுக்கு ஓர் ஆள் கிடைத்தது 2022 மே மாதத்தில். மாணவர்கள் ஆசிரியர்களிடம் முறைகேடாக நடந்துகொள்ளும் காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவியிருந்த நேரம். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்பட மாட்டாது என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். இப்போதும் செயப்பாட்டு வினைதான்: பறிப்பவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை. 'பறிமுதல்' என்ற சொல்லைப் பிரித்தால் பறி, முதல். முதல் என்றால் உடைமை. யாருடைய உடைமை? பதினைந்து வயதுப் பையனுடையதாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. அப்பாவுடையது, அக்காவுடையது, தவணை கட்டி முடியாதது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டும் வீட்டில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு வேலை, கூலி, கேஸ் பதிவு என்று எல்லாமே நடக்கலாம். அதைப் பறித்தால் தண்டனை யாருக்கு?

சரி, படிக்க வந்தவனுக்குப் போன் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் இதே அரசு எழுதிய மற்ற பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் புதிய பாடத்திட்டத்தின்படி வந்த பாடநூல்களைப் புரட்டினால் பாடத்துக்குப் பாடம் கியூ.ஆர். குறியீடு. அதைப் படிக்கக் கண் போதாது, கைபேசி வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் வகுப்பறை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்ததும் அரசுதான். அதற்கும் முன்பே, 2011 செப்டம்பர் 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆசிரியர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்: வருகைப் பதிவும் மற்றப் பதிவுகளும் செயலியில் ஏற்றியாக வேண்டும். போன் இல்லாமல் பள்ளி இயங்குவதில்லை, மாணவனிடம் போன் இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் வாக்கியங்கள்.

இதை வெறும் முரண் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. விலக்கப்படுவது கருவி அல்ல, கருவியைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் மாணவத் தன்னிலை. அரசு கொடுக்கும் திரை கல்வி, மாணவன் தானாகக் கொண்டுவரும் திரை ஒழுங்கீனம். 2022-இன் பதற்றத்தையும் இப்படித்தான் வாசிக்கிறேன். 'கவனம் சிதறுகிறது' என்பது மேலே தெரியும் காரணம். அதற்கடியில் வேறொன்று இருக்கிறது: போனுக்குக் கேமரா உண்டு. காலங்காலமாக வகுப்பறையில் பார்ப்பவர் ஆசிரியர், பார்க்கப்படுபவர் மாணவர். அடி விழுந்தால் சாட்சி கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துவிட்டது. ஆனால் மூடிய அறைக்குள் அதற்கு நிரூபணம் ஏது? பார்வை திரும்பியதுதான் இங்கே பிரச்சினை. செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் தினமாக ஆக்கிய ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியிலிருந்து பேசும்போது இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. குரு என்ற பிம்பம் தன்னைப் படம் பிடிப்பதைத் தாங்காது.

உடனே கேமராவை விடுதலைக் கருவியாகக் கொண்டாடிவிடவும் வேண்டாம். பாடம் நடத்தும் ஆசிரியையை அவருக்குத் தெரியாமல் படமெடுத்துக் கேலிப்பாட்டு சேர்த்துச் சுற்றுக்கு விடுவது எதிர்ப்பு அல்ல, வக்கிரம். சக மாணவியைப் படமெடுப்பதும் அப்படியே. ஃபூக்கோவை மேற்கோள் காட்டிப் பள்ளியைச் சிறை என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் பள்ளியின் கண்ணிலிருந்து தப்பிப் போனுக்குள் போகிறவன் எங்கே போகிறான்? எவ்வளவு நேரம், எதைப் பார்த்தான், எங்கே விரல் நின்றது என்று எண்ணிக்கொண்டேயிருக்கும் நிறுவனங்களின் கண்ணுக்குள்தான். உலகம் முழுக்க இந்தக் கவலை இருக்கிறது. பிரான்ஸ் 2018-இல் சட்டமே இயற்றியது. நான்கில் ஒன்றுக்கும் குறைவான நாடுகளே பள்ளிகளில் கைபேசியைத் தடை செய்திருப்பதாக யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொன்னது. ஆகவே வகுப்பு நேரத்தில் போன் கையில் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படி, யாரால், எந்த முறையில் என்பதில்தான் விவாதம்.

திருத்தணிக்காரர்களுக்கு இதற்கு இன்னொரு பாடம் கண்ணெதிரே இருக்கிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. தேவாலயமும் குடும்பமும் சேர்ந்து செய்துவந்த கருத்தியல் வேலையை நவீன காலத்தில் பள்ளியும் குடும்பமும் ஏற்றுக்கொண்டன என்றார் அல்தூசர். நம்மூரில் கோயிலும் ஓய்வு பெறவில்லை, பள்ளியும் வந்துவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டும் ஒரே பொருளை விலக்கின. ஆனால் விலக்கிய விதத்தைக் கவனியுங்கள். பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தபோது பாதுகாப்பு மையம் வைத்தார்கள். ஐந்து ரூபாய் கொடுத்துப் போனை ஒப்படைக்கலாம், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். அங்கே பக்தர் குற்றவாளி இல்லை. பொருள் அவருடையது என்பதை டோக்கன் ஒப்புக்கொள்கிறது. புனிதம் என்று பேசும் இடமே உடைமையை மதிக்கிறது. மதச்சார்பற்ற, ஜனநாயகம் கற்றுத்தரும் இடம் 'திரும்பத் தரமாட்டேன்' என்கிறது. குழந்தை என்றால் உரிமை இல்லை என்ற முன்முடிவைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாங்கி வைப்பது ஒன்று. பறித்துக்கொண்டு தராமலிருப்பது இன்னொன்று. திறந்து பார்ப்பது மூன்றாவது. மூன்றாவதைப் பற்றிச் சுவரில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் அதுதான் மிகக் கொடியது. பையனிடம் போன் அகப்பட்டால் 'விளையாட்டுப் புத்தி'. பெண்பிள்ளையிடம் அகப்பட்டால் முதல் கேள்வியே 'யார்கிட்ட பேசறே?' என்பதுதான். கேலரி, வாட்ஸ்அப் எல்லாம் திறக்கப்பட்டு, வீட்டுக்குத் தகவல் போய், அந்தப் பெயர் என்ன சாதி என்ற விசாரணையும் தொடங்கிவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுபோகலாம். ஒரு போனைத் திறந்ததன் விலை ஒரு வாழ்க்கை. 2019-இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில், பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் 10 வரை கைபேசி கூடாது என்ற விதியை எதிர்த்து வந்த மாணவிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அது கல்லூரி மாணவி, பள்ளி வேறு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தரங்கம் பதினெட்டு வயதில் திடீரென முளைப்பதல்ல. 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளிகள் குறித்தே பேசியது: முழுத் தடை வேண்டாம், வகுப்பில் பயன்பாடு வேண்டாம், இயன்ற இடங்களில் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு வேண்டும், விதிகளை வகுக்கும்போது பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்தாலோசிக்க வேண்டும். பறிமுதலையும் அது அனுமதித்தது, ஆனால் கடுமையில்லாத ஒழுங்கு நடவடிக்கையாக.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. போன் அவர்களுடையது, பிள்ளையும் அவர்களுடையது. அந்தக் கூட்டத்தில் இந்த விதியை வைத்துப் பேசட்டும், மாணவர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு. காலையில் யாரிடம் ஒப்படைப்பது, டோக்கன் யார் தருவது, மாலையில் எத்தனை மணிக்குத் திருப்பித் தருவது, எந்தக் காரணத்துக்காகவும் யாரும் திறந்து பார்ப்பதில்லை, வகுப்புக்குள் ஆசிரியரின் போனும் பதிவு வேலை முடிந்ததும் பைக்குள் போய்விடும் என்று எழுதட்டும். அப்படி எழுதும்போது வாக்கியங்களுக்கு எழுவாய் வந்துவிடும். 'நாங்கள் வாங்கி வைக்கிறோம், நாங்களே திருப்பித் தருகிறோம்.' அப்போதுதான் அது விதி. அதுவரை அது மிரட்டல்.