துண்டும் நகலும்

தேடல் மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டுக்கும் உள்ளே ஓடுவது லூசீன் என்ற தேடல் நூலகம்தான். ஆனால் இண்டெக்ஸைத் துண்டு போட்டு நகல் வைப்பதில் ஆளுக்கொரு குணம்.

எலாஸ்டிக்சர்ச்சில் எனக்குப் பிடித்தது அதன் கறார். மூலத் துண்டையும் அதன் நகலையும் ஒரே நோடில் அது வைக்கவே வைக்காது. ஒற்றை நோடில் ஓர் இண்டெக்ஸை வழக்கமான அமைப்போடு உருவாக்கிப் பாருங்கள்: தேடல் நன்றாகவே நடக்கும், நிலை மட்டும் மஞ்சளில் நிற்கும். நகலுக்கு வேறு இடம் கேட்கிறது! 2019-இல் வந்த 7.0 பதிப்பு, தானாகப் போடும் மூலத் துண்டுகளை 5-லிருந்து 1-ஆகக் குறைத்தது, நல்ல முடிவு.

சோலரோ 2017-இல், தன் 7.0 பதிப்பில், நகல்களையே வகை பிரித்தது. அவற்றில் 'புல்' (pull) நகல் ஆவணங்களைத் தானே இண்டெக்ஸ் செய்யாது. தலைமை நகல் முடித்துவைத்த கோப்புகளை அப்படியே இழுத்துக்கொள்ளும். தலைமைப் பொறுப்புக்கும் வராது. எழுதுவது குறைவு, தேடுவது அதிகம் என்ற இடங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.