வஞ்சினமும் பதிப்பக உறுதிமொழியும்

வஞ்சினம் என்பது வெறும் வீரவுரை அன்று. ‘இதனைச் செய்வேன், செய்யேனாயின் இதனை இழப்பேன்’ என்னும் ஈருறுப்பும் அமைந்தாலன்றி அது நிரம்பாது. தொல்காப்பியம் இதனைக் காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாக வைத்தது. புறநானூற்றின் 72 ஆம் பாட்டில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், தான் வெல்லானாயின் குடிகள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்றும், மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக என்றும் உரைக்கின்றான். ஒறுப்பைத் தானே வகுத்து, அதனைப் பிறர் கையில் ஒப்படைத்தமையே அவ்வுரையின் சிறப்பு.

இவ்வளவுகோலைக் கொண்டு இந்நாளைய உரைநடை வகை ஒன்றினை ஆராய்வோம். ஆய்விதழ் வெளியிடும் பெருநிறுவனங்கள், கரிம உமிழ்வைக் குறைப்பதாக விடுக்கும் உறுதிமொழிகளே அவை. 2020 இல் ஐக்கிய நாடுகள் அவையும் பன்னாட்டுப் பதிப்பாளர் சங்கமும் இணைந்து, வளங்குன்றா வளர்ச்சி குறித்துப் பதிப்பாளர்க்கென ஓர் உடன்படிக்கையைத் தொடங்கின. எல்சவியர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமாகிய ரெலெக்ஸ், 2040 க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக உறுதி கூறியுள்ளது. காலவரையறையை வெளிப்படக் கூறியது பாராட்டத் தக்கதே. ஆயினும் சொற்களை நுணுகி நோக்குதல் நம் கடன்.

‘நிகர’ என்னும் அடைமொழி உமிழ்வு அறவே ஒழியும் எனப் பொருள் தருவதில்லை. எஞ்சியதை வேறிடத்து ஈடுசெய்து கழித்துக்கொள்ள அது இடந்தருகின்றது. சில பதிப்பகங்கள் கூறும் ‘எம் செயற்பாடுகளில்’ என்னும் தொடரோ எல்லையையே சுருக்குகின்றது. உமிழ்வுக் கணக்கு மூன்று படிகளை உடையது: நிறுவனம் தானே எரிப்பது ஒன்று, விலைக்கு வாங்கும் மின்னாற்றல் முதலியவற்றால் எழுவது மற்றொன்று, தாள், அச்சு, போக்குவரவு முதலிய பிறவெல்லாம் மூன்றாவது. சொந்த அச்சகம் இல்லாப் பதிப்பகம் ஒன்று சிவகாசியில் நூல் அச்சிடுவிப்பதாகக் கொள்வோம். அந்நூலின் தாளும் மையும் பொறியோட்டமும் முதலிரு படிகளில் ஏறா. மூன்றாம் படியை விடுத்து உரைக்கும் உறுதிமொழியில் நூல் உண்டு. நூலின் உடல் இல்லை.

இதனினும் பெரிய விடுபாடு ஒன்று உண்டு. தட்பவெப்ப மாற்றமும் உடல்நலமும் பற்றிய ஆய்வுகளை வெளியிடும் லான்செட் இதழ் எல்சவியருடையது. அப்பதிப்பகமே எண்ணெய், எரிவளித் தேட்டத்திற்குத் துணையாகும் நூல்களையும் நிலவியல் தரவுகளையும் விற்பதைக் கார்டியன் நாளிதழ் 2022 பிப்ரவரியில் விரித்துரைத்தது. அத்தரவுகளின் துணையால் கண்டெடுத்த எண்ணெய் எரியுங்கால் எழும் புகை, பதிப்பகத்தின் கணக்கில் எப்படியிலும் ஏறுவதில்லை. இருதுறை அறிவையும் வெளியிடுதல் பதிப்பாளர் உரிமை என்பாரும் உளர். வெளியிடும் உரிமையை யாம் மறுக்கவில்லை. விற்பனையின் விளைவு உறுதிமொழிக்குப் புறம்பாதலையே சுட்டுகின்றோம்.

சிவகாசியின் மற்றொரு தொழிலை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். 1923 இல் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலின் வழியே, மேலொட்டும் வண்ணத்தாளின் தேவையால் அச்சும், பின்னர்ப் பட்டாசும் அவ்வூரில் வளர்ந்தன. 2015 இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளையும், சரவெடி செய்தலையும் தடுத்தது. அவ்வாண்டின் தீபாவளிக்கு இரு வாரங்களே எஞ்சியிருந்தன. தொடர்ந்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. கூலியை இழந்தோர் தொழிலாளர். காற்றின் தூய்மை காக்கப்பட வேண்டியதே. ஆயினும் சூளுரையாத தொழிலாளர்க்கு இழப்பு உடனே வந்தது. சூளுரைத்த பெருநிறுவனம் தவறின் இழப்பது யாது என்பதோ அதன் உறுதிமொழியில் இல்லை. வஞ்சினத்தின் இரண்டாம் உறுப்பு இங்கே மறைந்துவிட்டது.

அவ்வுறுப்பை மீளச் சேர்க்க வல்லவர் யார்? நெடுஞ்செழியன் காட்டிய வழி தெளிவானது. ஆய்விதழ்கள் பேரளவில் ஊதியம் பெறாது எழுதுவோராலும், அவ்வாறே மதிப்பிடுவோராலும் வாழ்கின்றன. ஆகவே பாடாது விடும் உரிமை புலவர்க்கு இருந்தது போல, கட்டுரையும் மதிப்பீடும் வழங்காது விடும் உரிமை ஆய்வாளர்க்கு உண்டு. மூன்றாம் படிக் கணக்கையும், விற்பனையின் விளைவையும், தவறின் ஏற்கும் ஒறுப்பையும் உரைக்குமாறு பதிப்பகங்களைக் கேட்டபின் எழுத்தை வழங்குதலே முறை என்பது எம் துணிபு.