விதைக்குள் ஒரு மேனி மருந்து

பேராக் மாநிலத்தின் காம்பார் வட்டாரத் தமிழர்களிடையே இன்றும் தீபாவளி விடியலில் தொடரும் எண்ணெய்க் குளியல், விதை எண்ணெய்களின் அருமையை அழகுக்கலை நூல்களுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்த மரபாகும். எள்ளிலிருந்து ஆட்டப்படும் நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலெயிக் ஆகிய கொழுப்பு அமிலங்கள் ஏறத்தாழச் சமபங்காக அமைந்து, தோலின்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து ஈரம் வெளியேறுவதைத் தடுக்க, செசமால் முதலிய இயற்கைக் காப்புப்பொருள்கள் எண்ணெய் விரைவில் கெட்டுப்போகாதவாறு காக்கின்றன. ஆமணக்கு விதையின் விளக்கெண்ணெயோ, ரிசினோலெயிக் என்னும் அமிலம் மிகுந்திருப்பதால், விரலிடையே நூலிழுக்கும் அளவுக்குக் கெட்டியானது. ஆகவே உதட்டுப் பூச்சுகளுக்கு அது பளபளப்பும் பிடிப்பும் தருகிறது.

ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவற்றில் பின்னர் வேரூன்றிய செம்பனையின் பழத்தைப் பிளந்தால், செம்மஞ்சள் சதைக்குள் கரிய ஓடும், அதனுள் வெண்பருப்பும் தென்படும். சதையும் பருப்பும் வெவ்வேறு எண்ணெய் தருபவை. பருப்பெண்ணெயில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலமே சவர்க்காரத்துக்குச் செழித்த நுரையை அளிக்கிறது. ஒவ்வோர் எண்ணெயின் இயல்பையும் அறிந்து, முன்கையில் சிறிது தடவிப் பார்த்து, தத்தம் தோலுக்கு இசைந்ததைத் தேர்வதே அழகுக்கலையின் நுட்பம்.